வியர்க்கும் தொட்டியில் வண்ணக் கொக்கு!

ஆசை ஆசையாக மண் தொட்டியில் படம் வரைந்து, ரோஜாச் செடியும் நட்டாச்சு. கொஞ்ச நாளிலேயே பெயின்ட் பொரிந்து, செதில் செதிலாக உதிர்கிறதா? 'மட்டமான பெயின்ட்' என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள் குட்டீஸ்! குற்றவாளி தொட்டிக்குள்ளேயே இருக்கலாம். அதுதான் தண்ணீர்!

சுட்ட மண்ணால் செய்த பொருட்களை 'டெரகோட்டா' என்கிறோம். இத்தாலிய மொழியில் இதற்குச் 'சுட்ட மண்' என்றே பொருள். இதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். மண்பானைத் தண்ணீர் 'ஜில்'லென்று இருப்பது எதனால்? துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, வெப்பத்தையும் எடுத்துச் சென்றுவிடுகிறது. பூந்தொட்டியும் இப்படித்தான் 'வியர்க்கும்'. அந்த ஈரத்தைப் பெயின்ட் வழிமறித்தால், ஈரம் பெயின்ட்டையே தள்ளிவிடும்!

சரி, உதிராமல் வரைவது எப்படி?

* தொட்டியைக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பழைய தொட்டியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

* வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள்.

* உட்பக்கம் பெரியவர்கள் உதவியோடு, காற்றோட்டமான இடத்தில் வார்னிஷ் அடியுங்கள். ஈரம் வெளியே கசிவது வெகுவாகக் குறையும்.

* வெளியே வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் பூசிக் காய்ந்ததும், பென்சிலால் படம் வரைந்து வண்ணம் தீட்டுங்கள். வாட்டர் கலர் வேண்டாம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

* முதலில் வானம், குளம். அவை காய்ந்த பிறகு பனைமரம், தாமரை. கடைசியில் கொக்கின் கண், அலகு. முழுவதும் காய்ந்ததும் மேலே ஒரு கோட் வார்னிஷ்.

ஒரு முக்கியமான விஷயம்! வார்னிஷ் அடித்த தொட்டியால் முன்புபோல வியர்க்க முடியாது. உள்ளே மண் ஈரமாகவே இருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண்ணில் விரலை நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடியில் உள்ள ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். தொட்டி அழகாக இருந்து செடி வாடிப்போனால் என்ன லாபம்?

தொட்டிக்கு வார்னிஷ் பூச விருப்பமில்லையா? செடியைச் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை வண்ணத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, நன்றாக வடிந்ததும் திரும்ப வைத்தால் போதும். செடியும் பிழைக்கும், படமும் பிழைக்கும்!

மண்பாண்டத்தில் இயற்கைக் காட்சி என்பது புதுசு இல்லை, தெரியுமா? தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் 2004-05ல் நடந்த அகழாய்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் ஒரு பெண், நெற்பயிர், கொக்கு, மான் எல்லாம் இருந்தன. வண்ணம் தீட்டவில்லை, களிமண்ணை ஒட்டிப் புடைப்பாகச் செய்திருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் அந்தக் கொக்கு உதிரவில்லை!

உங்கள் கொக்கு எத்தனை மழையைத் தாங்கும்? வரைந்துதான் பாருங்களேன்!