அப்பாவின் வீராவுக்கு ஒரு ஸ்டிரட் பார்

காலை ஆறு மணிக்கு வானொலியில் சாலை நிலவரம் சொல்பவர்களில் நானும் ஒருத்தி. கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல், காராக் நெடுஞ்சாலையில் எங்கே மழை என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன். ஆனால், நான் ஓட்டி வரும் வண்டியின் பின்பக்கம் கேட்கும் ‘டொக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் நான்கு மாதங்களாக எனக்குத் தெரியவில்லை.

வண்டி அப்பாவுடையது. புரோட்டோன் வீரா ஏரோபேக். 1993-இல் அறிமுகமான அந்த வகையை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். அம்மா அதில் ஏற்றாத சாமான் இல்லை. அப்பா எந்தச் சின்ன வேலைக்கும் பட்டறைக்குப் போகமாட்டார். சனிக்கிழமை மாலையானால் வீட்டு முன்னால் ஸ்பேனர் சத்தம் கேட்கும். தம்பி ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். நான் டார்ச் லைட் பிடிப்பேன். அதற்குமேல் எனக்கு வேலை இல்லை.

போன ஆண்டு, இனிப்பு நீர் அப்பாவின் கண்ணைத் தொட்டுவிட்டது. ஒருநாள் அவராகவே சாவியைக் கொண்டுவந்து என் கைப்பையில் போட்டார். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் காது மட்டும் வேலை செய்யும். மேடு பள்ளம் வரும்போதெல்லாம், “ஏம்மா, இன்னும் அந்தச் சத்தம் போகலையா?” என்பார்.

அடுத்த மாதம் தானா ராத்தாவில் அத்தை வீட்டு விசேஷம். அப்பா பிறந்து வளர்ந்த ஊர். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் அந்தப் பழைய சாலையில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வளைவுக்கு மேல் வளைவு. அதற்குள் சத்தத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று உதிரிப்பாகக் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி யோசிக்கவே இல்லை. “ரியர் ஸ்டிரட் பார் போட்டுருங்க அக்கா. பின்னாடி ஆட்டம் நிக்கும், சத்தமும் போயிரும். நீங்களே மாட்டலாம், ஒரு மணி நேர வேலை” என்றார். 180 ரிங்கிட் கொடுத்து வாங்கி வந்தேன். சொந்தமாகப் பழுது பார்த்துவிட்டு மறுநாள் நிகழ்ச்சியில் அதைப் பேசலாம் என்ற ஆசையும் ஒரு காரணம்.

அப்பா அந்தக் குழாயைத் தடவிப் பார்த்தார். “இது சத்தத்துக்கு மருந்து இல்லம்மா” என்றார். பிறகு, “சரி, கழட்டு பார்ப்போம்” என்றார்.

இந்தக் கம்பி என்ன செய்யும்?

லாரிக்குத் தனியாக ஒரு சேசிஸ் இருக்கும். நம் சிறிய கார்களுக்கு அது கிடையாது. வெட்டி வளைத்து ஒட்டவைத்த தகடுகள்தான் உடம்பு, அதுவேதான் எலும்புக்கூடு. அந்த உடம்பில் சக்கரத்துக்கு மேலே, அப்சார்பரின் தலை வந்து மாட்டுகிற இடத்தைக் கோபுரம்போல் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வலது, இடது என இரண்டு கோபுரங்கள். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கக் கோபுரத்தில் பாரம் ஏறும். அப்போது தகடு நம் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளியும். இரண்டு கோபுரங்களையும் குறுக்கே ஒரு கம்பியால் இணைத்தால் அந்த நெளிவு குறையும். ஸ்டிரட் பார் என்பது அவ்வளவுதான்.

செடான் வண்டிகள் பலவற்றில் பின்னிருக்கைக்குப் பின்னால் தகடு இருப்பதால் அந்தப் பகுதி ஓரளவு இறுக்கமாகவே இருக்கும். ஏரோபேக் போன்ற பெரிய பின்கதவு வண்டிகளில் அங்கே வெறும் திறப்புதான். ஆகவே, பின்பக்கக் கம்பியின் பலன் இந்த வகை வண்டிகளில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால், தேய்ந்த அப்சார்பரையோ வெடித்த ரப்பரையோ வழுக்கை டயரையோ அது சரி செய்யாது. இதை என்னிடம் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். ஜாக்கை எடுக்கப் போனபோது அப்பா தடுத்தார். “இந்த வேலைக்குக் காடியைத் தூக்கக்கூடாது.” காரணம் எளிது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அதன் பாரமே அப்சார்பர் தலையைக் கோபுரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். தூக்கிவிட்டால் சக்கரம் கீழே தொங்கும். நட்டைக் கழற்றியதும் தலை துளையிலிருந்து நழுவிவிடும்.

பூட்டிலிருந்த சாமான், பின்பலகை எல்லாவற்றையும் எடுத்தேன். ஓரத்துப் பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகள் என் பள்ளிக்கூட வயதுக்காரை. துணி சுற்றிய தட்டையான திருப்புளியால் மெதுவாக நெம்பியும் இரண்டு உடைந்தன. கழற்றிய திருகுகளைப் பால் டின்னில் போட்டேன். வலதுக்கு ஒரு டின், இடதுக்கு ஒரு டின்; அது அப்பாவின் பழைய வழக்கம்.

மூடியை எடுத்ததும் கோபுரத்தின் தலை தெரிந்தது. என் வண்டியில் பக்கத்துக்கு இரண்டு நட்டுகள். 14 எண் சாக்கெட் பொருந்தியது. நடுவில் இன்னொரு நட்டு இருந்தது. சாக்கெட்டை அதன்மேல் வைத்தேன்.

“எதுல வெச்ச?”

“நடுவுல, அப்பா.”

“கையை எடு.”

அவர் குரல் அப்படி உயர்ந்து கேட்டு நாளாகிவிட்டது. நடுவில் இருப்பது அப்சார்பர் தண்டின் நட்டு. கீழே அழுத்தி அடைபட்டிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் தன் பலத்தையெல்லாம் ஒரே நொடியில் விட்டுவிடும். கை, முகம் எதுவும் தப்பாது. நீங்களே இந்த வேலையைச் செய்வதானால் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஓரத்து நட்டுகள் மட்டுமே. நடுவில் உள்ளதைத் தொடவே கூடாது.

வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. இடப்பக்க மூடியைத் திறந்தபோது ஈர வாடை வந்தது. தகட்டின்மேல் காவி நிறத்தில் துரு, அதன்மேல் தண்ணீர் வடிந்த கோடு. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, விரலை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினார்.

“மவுண்டிங் ரப்பர் வெடிச்சிருக்கும்மா. இதுதான் உன் ‘டொக்’.”

அவர் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்தார். பிளவு எனக்கும் தட்டுப்பட்டது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்த ரப்பர் தாங்க வேண்டிய அடியை இரும்பு நேராக இரும்பின்மேல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

இனி நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கம்பியின் தட்டு அந்தத் துருவின்மேல் சரியாக உட்காரும் அளவில் இருந்தது. மாட்டிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. மணி பதினொன்று, மறுநாள் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். தொலைபேசியில் கேட்ட தம்பியும், “இப்போதைக்கு மாட்டுக்கா, போய்ட்டு வந்து பார்த்துக்கலாம்” என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுப்பாகவோ சம்மதமாகவோ எதுவும் சொல்லவில்லை. “மேல போற ரோட்டுல உன் பக்கத்துல உட்காரப் போறது நானும் உங்கம்மாவும்தான். நீயே முடிவு பண்ணு” என்று நாற்காலிக்குப் போய்விட்டார்.

மூடிகளைத் திரும்ப மாட்டினேன். கம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

நடுவில் ஒரு வாரம்

மவுண்டிங் மாற்றுவது வீட்டில் செய்கிற வேலை இல்லை. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியும் பழகிய கையும் வேண்டும். பட்டறையில் விட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் மாற்றினார்கள். ஓர் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்ததால் அந்த இரண்டும் புதிதாயின. தண்ணீர் வந்த வழி பின்விளக்கு ரப்பர் என்று தெரிந்தது, அதையும் மாற்றினார்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் அடியில் உறுதியான தகடு தெரிந்தது. துரு தடுக்கும் சாயம் அடித்தேன். தேய்க்கும்போது தகடு ஓட்டையாகியிருந்தால் கதையே வேறு: அதற்கு வெல்டிங் வேலை வேண்டும், அதுவரை கம்பியை நினைத்தே பார்க்கக்கூடாது.

செலவு கம்பி விலையைப் போல் பல மடங்கு. ஆனால், பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருந்த ஏழு வேகத்தடைகளிலும் ‘டொக்’ இல்லை. கம்பி அப்போதும் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது.

இரண்டாம் ஞாயிறு

அன்று வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முதலில் வலப்பக்கத்து இரண்டு நட்டுகளைக் கழற்றி, தட்டை வைத்து, நட்டுகளைக் கையாலேயே திருகினேன். அதன் பிறகுதான் இடப்பக்கத்தைத் தொட்டேன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றி வைக்கக்கூடாது. பிறகு நடுக்கம்பியை வைத்து அதன் போல்ட்டுகளையும் கையாலேயே மாட்டினேன்.

ஒரு துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. சுத்தியலை எடுத்தேன், அப்பா சிரித்தார். எதிர்ப்பக்க நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தியதும் கம்பி தானாக உட்கார்ந்தது. அடித்தோ இழுத்தோ பொருத்தினால் வண்டி நிற்கும்போதே கோபுரங்களுக்கு இடையில் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். நீளம் மாற்றக்கூடிய கம்பி வாங்குகிறவர்களும், தள்ளாமல் இழுக்காமல் இயல்பாக நிற்கும் நீளத்தில்தான் அதை வைக்க வேண்டும்.

கடைசியாக முறுக்குவது. அப்பாவுக்கு எல்லாம் கைக்கணக்கு. “கைக்குத் தெரியும்மா” என்றார். என் கைக்கு இன்னும் தெரியாது என்று சொல்லி, நண்பரிடம் இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சை எடுத்தேன். பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவை அதில் வைத்துத் திருப்பினால், சரியான இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும். குறைவாக முறுக்கினால் நட்டு ஓடி ஓடித் தளரும். அதிகமானால் திருகு மரை கெடும். முதலில் கோபுர நட்டுகள், பிறகு நடுக்கம்பி போல்ட்டுகள். ஒவ்வொரு ‘டிக்’குக்கும் அப்பா தலையை ஆட்டினார். நான்காவது முடிந்ததும் ரெஞ்சை வாங்கி அவரே ஒருமுறை தடவிப் பார்த்தார்.

மேலே போன கதை

தாப்பாவில் எண்ணெய் போட்டுக் கிளம்பினோம். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். லாத்தா இஸ்கண்டார் அருவிச் சத்தம் கேட்டதும், “வந்துட்டோமா” என்றார். அதற்குப் பிறகு ரிங்லெட் வரை எங்கே வளைவு எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டை மட்டும் தவறவிட்டார்.

கம்பி என்ன மாற்றம் தந்தது? அடுத்தடுத்த வளைவுகளில் பின்பக்கம் முன்பைவிடக் கொஞ்சம் சேர்ந்து வருவதுபோல் இருந்தது. பின்கதவின் கிறீச் குறைந்திருந்தது. இதில் பாதிக்குமேல் புது அப்சார்பரின் உபயம் என்றுதான் நினைக்கிறேன். வேகமாகப் போகத் தூண்டும் மாற்றம் எதுவுமில்லை. ஈரச் சாலையில் பிடித்து நிறுத்துவது எப்போதும் டயர்தான். பூட்டில் இடமும் போய்விட்டது. பின்னிருக்கையை மடித்தாலும் நீளமான சாமான் நடுவில் இடிக்கிறது. அம்மா முதலில் முணுமுணுத்தார். திரும்பி வரும்போது மலையில் வாங்கிய முட்டைக்கோஸ் பைகளை அந்தக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டார். அதற்காகச் செய்த கம்பி இல்லை என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

நீங்களும் மாட்ட நினைத்தால், வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து இரண்டு கோபுரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். துரு, ஈரம், பிளவு இருந்தால் பணத்தை அதற்குச் செலவழியுங்கள். தகட்டில் துளை போடச் சொல்லும் கம்பியை வாங்காதீர்கள். மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

அந்தச் சரிபார்ப்பைப் போன சனிக்கிழமை மாலை செய்தேன். நான்கு நட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன. இருட்டத் தொடங்கியிருந்தது. டார்ச் லைட்டை அப்பா பிடித்துக்கொண்டார். வெளிச்சம் நட்டின்மேல் விழாமல் பக்கத்துத் தகட்டில் விழுந்தது. நான் அவர் கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.