பவளம் இல்லாத பவளக்காரத் தெரு

சென்னைப் பாரிமுனையில், ஒரு வணிக நிறுவனக் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. 1773-இல் கிழக்கிந்திய கம்பெனி நட்ட ஆறு எல்லைத் தூண்களில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. 1746-இல் பிரெஞ்சுப் படையிடம் கோட்டையைப் பறிகொடுத்து மீட்ட அனுபவத்துக்குப் பின், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரம் வெட்டவெளியாக்கப்பட்டது. தூண்களுக்கும் கோட்டைக்கும் இடையே எவரும் வீடு கட்டக் கூடாது என்பது ஆணை. அந்த வெட்டவெளியில்தான் 1892-இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. தூண்களுக்கு வடக்கே வளர்ந்த வணிக நகரம் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

பொருளாதாரம் கற்பித்த காலத்தில் என் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதுண்டு. ஆண்டர்சன் தெரு முழுவதும் காகிதம். கோடவுன் தெரு முழுவதும் துணி. ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. 'ஒரே சரக்கை விற்பவர்கள் ஏன் ஐயா ஒருவரை ஒருவர் ஒட்டியே கடை போடுகிறார்கள்?' என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். வாங்குபவர் அலைய வேண்டியதில்லை. இல்லாத சரக்கைப் பக்கத்துக் கடையிலிருந்து நொடியில் தருவிக்கலாம். யாருக்குக் கடன் தரலாம் என்ற செய்தி தெருவிலேயே கிடைக்கும். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் எழுதிய நூலில் விளக்கியது இதைத்தான்.

அங்குள்ள உணவும் வணிகத்தின் விளைவே. ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து சௌகார்பேட்டையில் குடியேறியவர்கள் கச்சோரியையும் ஜிலேபியையும் கொண்டுவந்தார்கள். நம் முறுக்கும் வடக்கத்திய சட்டினியும் அங்கே சந்தித்து, நடுவில் தக்காளியும் வெள்ளரியும் வைத்த 'முறுக்கு சாண்ட்விச்' பிறந்தது. (அதை ஒரு பலகாரமாக ஏற்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.) கடற்கரைப் பக்கம் நடந்தால் அத்தோ. 1960-களில் பர்மாவில் கடைகள் தேசியமயமானபோது உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் அமைந்தது பர்மா பஜார். நூடுல்ஸுடன் முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளிக்கரைசல் சேர்த்துக் கையால் பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு தருகிறார்கள். ராணுவ அரசின் பொருளாதாரக் கொள்கை ஒன்று சென்னையின் தெருவோரத் தட்டில் வந்து விழுந்த கதை அது.

ஆனால், வணிகம் நகர்ந்தால் என்ன மிஞ்சும்? பவளக்காரத் தெருவைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கி, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்றார்கள். வைர வணிகம் நலிந்தது. பவளம் பெயரில் மட்டும் இருக்கிறது. கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேடு சென்றது. நெரிசலைக் கருதினால் அந்த முடிவில் தவறு காண மாட்டேன். ஆயினும், ஒரு சந்தை போகும்போது அதை நம்பியிருந்த சுமை தூக்குவோரும் சிற்றுண்டிக் கடைகளும் சேர்ந்தே இடம்பெயர நேரிடுகிறது என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போதைய அபாயம் வேறு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பல கட்டடங்களில் வாடகை உறைந்து கிடந்தது. பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஊக்கமில்லை, குடியிருப்பவருக்கு அதிகாரமில்லை; மரத்தூண்களும் மெட்ராஸ் தளங்களும் சிதைந்தன. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இருதரப்பு ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. அது நியாயமே. ஆனால், மனையின் விலை உயர்ந்த இடத்தில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புவதே இனி லாபம். மரபுக் கட்டடம் என்று பட்டியலிட்டுவிட்டு, இழப்பை உரிமையாளர் தலையில் கட்டுவது பயன் தராது. மும்பையில் உள்ளதுபோல, தம் மனையில் கட்ட முடியாமல் போன பரப்பை நகரின் வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்கும் உரிமை அவருக்குக் கைக்கெட்டும் வகையில் கிடைக்க வேண்டும். அதற்கு ஈடாக, பழைய கடைக்காரர்களைத் தாங்கக்கூடிய வாடகையில் தொடரவிட வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும்.

இப்பகுதியைக் காண விரும்புவோர் போக்குவரத்து குறைவென்று ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று பெரும்பாலான கடைகளின் கதவுகள் மூடியிருக்கும். வேலைநாளில், மாலை ஐந்து மணிக்குமேல் செல்லுங்கள். தள்ளுவண்டிக்கு வழிவிட்டு, சுவரோரம் ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும்.