ஆயில் குடிக்கும் என்ஜின்: பிரிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்!

“ரிங் போய்விட்டது சார், என்ஜினை இறக்கியே ஆகவேண்டும்.” சிவாஜி நகரிலும் வில்சன் கார்டனிலும் கலாசிபாளையத்திலும் உள்ள பட்டறைகளில் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு முகம் வாடி நிற்கும் வண்டிக்காரர்கள் ஏராளம். மெக்கானிக் கூலி, லேத் கூலி, சாமான் விலை எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் ரூபாய். வாடகைக் கார் ஓட்டுபவரானால் வண்டி நிற்கும் நாட்களின் வருமானமும் போயிற்று. ஆட்டோ ஓட்டுபவருக்கோ அன்றைய அடுப்பே கேள்விக்குறி.

இத்தனையும் செலவழித்து, புது ரிங் போட்டு இறக்கிய வண்டி, பத்தாம் நாள் மறுபடியும் நீலப் புகை விட்டால் என்ன செய்வது? அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. என்ஜின் ஆயில் குறைவதற்கு ரிங் ஒன்று மட்டுமே காரணமல்ல. விரல் நுனியில் அடங்கும் ரப்பர் சீல் ஒன்று காய்ந்து போனாலும் அதே புகை வரும். அதே அளவு ஆயில் குறையும். எது காரணம் என்று தெரியாமல் என்ஜினைப் பிரிப்பது, தலைவலிக்கு வயிற்றை அறுப்பதைப் போலத்தான்.

நம் ஊர் ஆட்டோக்காரர்களுக்குப் புகை புதிதல்ல. டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் ஓடிய காலத்தில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே எரித்தார்கள். அந்த வண்டிக்கு ஆயில் குடிப்பது இயல்பு; புகை விடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இன்று ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கதை வேறு. அதில் ஆயில் கீழே தேங்கி நின்று, சுற்றி வந்து, மறுபடியும் கீழே இறங்க வேண்டுமே தவிர எரியக் கூடாது. பழைய பழக்கத்தில் “கொஞ்சம் புகை இருக்கத்தானே செய்யும்” என்று விட்டுவிடுபவர்கள் இன்றும் உண்டு. எல்.பி.ஜி. ஆட்டோவில் இன்னொரு ஏமாற்றம். கேஸில் ஓடும் என்ஜினில் ஆயில் சீக்கிரம் கறுப்பதில்லை. பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று மாற்றாமல் ஓட்டுகிறார்கள். நிறம் மாறாவிட்டாலும் ஆயிலின் சக்தி போய்விடும்; அளவும் குறைந்துகொண்டே வரும்.

எவ்வளவு குறைந்தால் அதிகம்?

எந்த என்ஜினும் சிறிதளவு ஆயிலை எரிக்கும். சில கார் கம்பெனிகள் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவதைக் கூடக் குற்றமாகக் கருதுவதில்லை. நம் வண்டிக்கு உரிய கணக்கு அதனுடன் தரும் கையேட்டில் இருக்கும். ஸ்கூட்டர், பைக்குகளுக்கு இந்த வரம்பெல்லாம் பொருந்தாது. மொத்த ஆயிலே ஒரு லிட்டரைச் சுற்றித்தான். அதில் கால் லிட்டர் குறைந்தாலே என்ஜினுக்கு ஆபத்து. பல வண்டிகளில் எச்சரிக்க ஒரு சிவப்பு விளக்குகூடக் கிடையாது.

அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனிக்கே இந்தத் தலைவலி வந்தது. 2007 முதல் 2009 வரையிலான மாடல் கேம்ரி கார்களில் இருந்த 2.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின்கள் ஆயில் குடிக்கின்றன என்று புகார்கள் குவிந்தன. கம்பெனி எடுத்த எடுப்பில் எல்லா என்ஜினையும் பிரித்துவிடவில்லை. ஆயிலை நிரப்பி அனுப்பி, 1,200 மைல், அதாவது சுமார் 1,930 கிலோமீட்டர் ஓடிய பிறகு அளந்து பார்த்தார்கள். ஒரு குவார்ட், ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைந்திருந்தால் மட்டுமே பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

வண்டி செய்த கம்பெனியே அளந்து பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுத்தது. நாம் அளக்காமல் எடுக்கலாமா?

அளப்பது பெரிய வித்தையல்ல. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்து, ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிடம் விட்டு, டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்ப வேண்டும். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் அதே இடத்தில், அதே முறையில், மில்லி லிட்டர் குறி போட்ட குவளையால் அளந்து ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஊற்றியது எவ்வளவோ, அதுதான் வண்டி குடித்தது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. அதிகப்படி ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கி, மூச்சுக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். குடிக்காத என்ஜினும் குடிப்பதுபோல் தோன்றும்.

இதில் பெங்களூருக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாளிலும் ஊர்ந்து, மணிக்கு சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 1,000 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 67 மணி நேரம் என்ஜினை ஓட்டுகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் அதே தூரத்துக்கு 17 மணி நேரம்தான். மீட்டர் காட்டுவது தூரத்தை, தேய்வதோ நேரத்துக்கு. ஆகவே ஊருக்குள் ஓடும் வண்டியில் ஆயில் சற்று அதிகம் குறைந்ததும் உடனே ரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சென்னைக்குப் போய் வந்தால் 700 கிலோமீட்டர் ஆகிறது. அந்தப் பயணத்தில் எவ்வளவு, ஊருக்குள் எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வைத்தால் பட்டறைக்காரரிடம் பேசக் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். ஆயில் மாற்றும் தேதியையும் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

வெளியே ஒழுகுகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். (இந்தத் தாளானாலும் சரி, படித்து முடித்த பிறகு!) காலையில் எந்த இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே தேட வேண்டும். வால்வு கவர் கேஸ்கெட், டிரெயின் போல்ட்டின் வாஷர், ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், கிராங்க்கின் பின் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள். ஓடும்போது மட்டும் ஒழுகும் சீல் தாளில் காட்டிக் கொடுக்காது. என்ஜினைக் கழுவிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் ஈரம் தெரியும்.

ஒழுகல் இல்லையென்றால் புகையைக் கவனிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் வெள்ளைப் புகை வந்தால் பதற வேண்டாம். அது குளிரில் உறையும் நீராவி, என்ஜின் சூடேறியதும் மறைந்துவிடும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நின்று, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். கரும்புகை பெட்ரோல் அதிகம் போவதால் வருவது. ஆயில் எரிந்தால் வருவது நீலப் புகை.

எப்போது வருகிறது அந்த நீலப் புகை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். இரவில் ஆயில் சொட்டுச் சொட்டாக வால்வுத் தண்டு வழியே இறங்கித் தேங்கியிருக்கிறது. இன்னொரு சோதனை: நந்தி மலையிலிருந்தோ, சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயிலோ கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது என்ஜினுக்குள் உறிஞ்சும் வேகம் அதிகமாகிறது. தேய்ந்த வால்வு கைடு வழியே ஆயில் உள்ளே இழுக்கப்படும். அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீல மேகம் கிளம்பினால் கோளாறு பெரும்பாலும் ஹெட்டில்தான். பின்னால் பார்ப்பது உடன் வருபவர் வேலை. ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் தொப்பூரில்! அப்படியின்றி, பாரம் ஏற்றி மேடு ஏறும்போது விடாமல் நீலப் புகை வந்தால் ரிங், போர் பக்கம் திரும்பலாம்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் ஒரு சாட்சி. உலர்ந்த கரி பெட்ரோல் கோளாறு. எண்ணெய்ப் பசையுடன் ஈரமாக இருந்தால் ஆயில். எந்த சிலிண்டர் என்பதையும் அதுவே சொல்லிவிடும். ஆடுகோடியில் ‘மைக்கோ’ தொழிற்சாலை இருந்த காலம் முதல் பிளக்கைப் பார்த்தே ஜாதகம் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-ல் ‘பாஷ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. மைக்கோ லேஅவுட் மட்டும் பெயர் மாறாமல் நிற்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். அங்கே ஆயில் ஈரம் இருந்தால் என்ஜினின் மூச்சுக் குழாயிலுள்ள பி.சி.வி. வால்வு அடைத்திருக்கலாம். கழற்றி மாற்றுவது பெரும்பாலான வண்டிகளில் சில நிமிட வேலை. இதைப் பார்க்காமலே ரிங் மாற்றிய வண்டிகள் எத்தனையோ!

கடைசியாகக் கம்ப்ரஷன் கேஜ். சூடான என்ஜினில் எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வு. ஒன்றை மறந்துவிடக் கூடாது. மேலே உள்ள இரண்டு ரிங்குகள் சரியாக இருந்து, மூன்றாவதான ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் கேஜ் நன்றாகவே காட்டும், ஆயிலும் குறையும். நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டிகளில் இது சகஜம். டர்போ உள்ள டீசல் வண்டியானால் டர்போவின் சீலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வால்வு சீல்தான் கோளாறு என்றால் பல கார்களில் ஹெட்டைக் கழற்றவே தேவையில்லை. பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வு உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு சீலை மட்டும் மாற்றலாம். காற்று இல்லாத பட்டறையில் துளைக்குள் கயிற்றைச் சுருட்டித் திணித்து அதே காரியத்தைச் சாதிப்பார்கள். ஆனால் கைடு தேய்ந்து வால்வு ஆடினால், புது சீல் அதிக நாள் நிற்காது.

ரிங்தான் என்று உறுதியானால், போரை அளக்காமல் ரிங் வாங்க வேண்டாம். போர் கோணலாகவோ நீள்வட்டமாகவோ தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து 0.25 அல்லது 0.50 மில்லி மீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். போர் அளவில் சரியாக இருந்தாலும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருந்தால் புது ரிங் பதியாது. ஹோனிங் செய்து குறுக்குக் கோடுகளை உண்டாக்க வேண்டும். சில புதிய பைக்குகளின் சிலிண்டரில் உள்ள பூச்சை ரீபோர் செய்ய முடியாது, பிளாக்கையே மாற்ற வேண்டியதுதான். ரிங்கில் குறி போட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டால் ஆயிலை வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றிவிடும். “புது ரிங் போட்டும் புகை” என்ற புலம்பலில் ஒரு பங்கு இதனால்தான்.

கெட்டியான ஆயில் ஊற்றிப் புகையை அடக்கும் வைத்தியமும் ஊரில் நடக்கிறது. தேய்ந்த பழைய என்ஜினில் கொஞ்ச காலம் தள்ளலாம். 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலுக்கென்று செய்த இன்றைய என்ஜினில் அது நுண்ணிய துவாரங்களுக்கு நேரத்தில் போய்ச் சேராது. ஆயிலை எரித்துக்கொண்டே ஓட்டினால் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பாழாகும். அதை மாற்றும் செலவைக் கேட்டால் என்ஜின் வேலையே மேல் என்று தோன்றும்.

ஜே.சி. ரோடில் சாமான் வாங்கும்போது பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பட்டறையில் கழற்றிய பழைய ரிங், பிஸ்டன், சீல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட ஆயில் ரிங் கையிலேயே தெரியும். காலி ஆயில் டப்பாவை அப்படியே விட்டு வராமல் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். வடிகட்டிய பழைய ஆயில் அதே டப்பாவில் ஏறி அடுத்த வண்டிக்குப் போகாமல் இருக்கும். வேலை முடிந்த என்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடாதீர்கள். மிதமான பாரத்தில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினால்தான் ரிங் பதியும். மெக்கானிக் சொன்ன கிலோமீட்டரில் முதல் ஆயிலை மாற்றி, அன்றே மேல் கோடு வரை நிரப்பி, மீட்டரை மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள்.