தில்லித் தோட்டங்களில் அந்துப்பூச்சிகளை வரவழைத்தலும் இனங்காணலும்

தென்மேற்குப் பருவமழை தில்லியை எட்டுவது பெரும்பாலும் ஜூன் மாத இறுதியிலாகும். அதற்கு முந்திய வாரங்களின் வறண்ட வெப்பத்தில் வீட்டுத் தோட்டத்து விளக்கை நாடி வரும் பூச்சிகள் மிகச் சில. இரண்டு மூன்று மழை பெய்து மண் நனைந்து புல் பூண்டுகள் தழைத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அதுமுதல் செப்டம்பர் முடியும் வரை, காற்றில்லாத புழுக்கமான இரவுகளில், அந்துப்பூச்சிகள் ஏராளமாக வருகின்றன. அவற்றைப் பயில விரும்புவோருக்கு இதுவே தக்க பருவம்.

அந்து என்றதும் தமிழ் வீடுகளில் நெற்குதிரில் பறக்கும் சிறு பூச்சியே நினைவுக்கு வரும். விட்டில் என்ற சொல்லோ விளக்கில் விழும் எப்பூச்சிக்கும் பொதுவாக வழங்குகிறது. பூச்சியியலில், இறகுகள் செதில்களால் மூடப்பெற்ற வரிசையில் வண்ணத்துப்பூச்சிகள் நீங்கலாக எஞ்சியவை யாவும் அந்துப்பூச்சிகளே. இந்தியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றில் பயிருக்குத் தீங்கு செய்பவை ஒரு சிறு பகுதியே. அச்சிறு பகுதியைப் பிறவற்றினின்று பிரித்தறிவதிலேதான் களப்பணியாளரின் கவனம் வேண்டப்படுகிறது.

பூச்சி விளக்கை நாடுவது ஏன் என்ற வினாவுக்கு நெடுங்காலமாகப் பல விடைகள் கூறப்பட்டு வந்தன. நிலவைக் கொண்டு திசை அறியும் பூச்சி விளக்கை நிலவெனக் கொண்டு ஏமாறுகிறது என்பது அவற்றுள் பரவலானது. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொரு விளக்கம் தருகிறது. பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளிமிக்க பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. இயற்கையில் ஒளி மேலிருந்தே வருவதால், இவ்வியல்பு அதனை நிலைகுலையாமல் பறக்கச் செய்கிறது. அருகில் ஒரு விளக்கு எரிந்தால் பூச்சி அதன்பால் முதுகைச் சாய்த்து, விலகிச் செல்ல வழியின்றிச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. பூச்சி விளக்கை விரும்பி வருகிறது என்பதைவிட, அதனருகே சிக்கிக்கொள்கிறது என்பதே பொருந்தும்.

கருவிகள் எளியவை. வெள்ளை வேட்டியையோ படுக்கை விரிப்பையோ சுவரோரம் கட்டி, அதன் முன் விளக்கைத் தொங்கவிட வேண்டும். அந்துப்பூச்சியின் கண் நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் நன்கு உணர்வதாகையால் பாதரச ஆவி விளக்கோ புறஊதாக் குழல் விளக்கோ சிறந்தது. அவ்விளக்கை நேரே உற்று நோக்குதல் கண்ணுக்குத் தீங்கு; மாணவர்களை இதில் எச்சரிப்பது ஆசிரியர் கடமை. இப்போது வீடுகளில் பெருகியுள்ள எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை புறஊதாக் கதிரை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. எனவே அவற்றினடியில் பூச்சி குறைந்ததைக் கொண்டு தோட்டத்தில் பூச்சி குறைந்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. தெருவிளக்கின் வெளிச்சம் படாத மூலையும் அமாவாசையை ஒட்டிய இரவுகளும் நற்பயன் தரும். விடியுமுன் விளக்கை அணைத்துத் துணியிலுள்ள பூச்சிகளைப் புதர்களில் உதறிவிடுதல் வேண்டும். இல்லையேல் கொண்டைக்குருவியும் மைனாவும் இரண்டொரு நாளில் இடத்தைத் தெரிந்துகொண்டு விடியற்காலையில் விருந்துக்கு வந்துவிடும்.

விளக்கு மட்டும் காட்டும் பட்டியல் முழுமையானதன்று. பழங்களைத் துளைத்துச் சாறு உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சிகள் விளக்குக்கு அவ்வளவாக வருவதில்லை. கனிந்து குழைந்த வாழைப்பழத்தை வெல்லத்துடன் பிசைந்து ஒரு நாள் புளிக்க வைத்து, மாலையில் மரத்தண்டில் பூசினால் அவை வந்து அமரும். இவற்றின் புழுக்கள் தின்பது பழமரத்தை அன்று, சீந்தில் முதலிய கொடிகளையே. மருந்துக்கென வேலியில் வளர்க்கப்படும் சீந்தில் தில்லித் தோட்டங்களில் மிகுதி. அருகில் எலுமிச்சையும் நாரத்தையும் இருப்பின் பழத்தில் ஊசிமுனை போன்ற துளை விழுந்து அழுகுவதன் காரணம் இதனால் விளங்கும். இனக்கவர்ச்சிப் பொறிக்கு வருபவையோ ஆண் பூச்சிகள் மட்டுமே. பெண் பூச்சி வெளிவிடும் அவ்வாசனைப் பொருளை 1959இல் ஜெர்மானிய அறிஞர் பூட்டனாண்ட் முதன்முதலாகப் பிரித்தறிந்தபோது, அதற்கு ஏறத்தாழ 5 இலட்சம் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன.

இனி, அடையாளம் காணுதல். அமர்ந்திருக்கும் பூச்சியின் தோற்றம் முதற்குறிப்பு. வெட்டுப்புழு, காய்ப்புழு ஆகியவற்றின் குடும்பத்தவை இறகுகளைக் கூரைபோல் சாய்த்து வைக்கும்; வேறு சில குடும்பத்தவை நான்கு இறகுகளையும் சுவரில் ஒட்டினாற்போல் விரித்திருக்கும். அமர்ந்த நிலையில் முன்னிறகே தெரியும். அதன் நிறமோ பெரும்பாலும் மங்கலான பழுப்பு. அடையாளம் மறைந்திருப்பது பின்னிறகில். ஆமணக்குக் காவடிப்புழுவின் அந்துப்பூச்சியை ஒரு குச்சியால் மெல்லத் தூண்டினால், கரிய பின்னிறகில் வெள்ளைப் பட்டையும் ஓரத்தில் வெண்புள்ளிகளும் வெளிப்படும். சீந்திலில் வளரும் பழ அந்துப்பூச்சியொன்றின் முன்னிறகு உலர்ந்த இலை போன்றது. பின்னிறகு மஞ்சள் கலந்த செம்மை, நடுவே கரும்பொட்டு. பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சிக்குப் பின்னிறகின் ஓரத்தில் அகன்ற கரும்பட்டை உண்டு. ஆகவே படமெடுப்போர் மேலிருந்து ஒன்றும், பின்னிறகு தெரிய ஒன்றும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தல் நன்று.

பருந்து அந்துப்பூச்சிகள் பார்த்ததும் தெரிபவை. அரளியும் நந்தியாவட்டையும் தில்லியின் வீட்டுத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் மிகுதியாதலால் அரளிப் பருந்து அந்துப்பூச்சிக்கு இங்கு உணவுப் பஞ்சமில்லை. பச்சையும் இளஞ்சிவப்பும் பளிங்குபோல் கலந்த அதன் இறகு, இலைகளிடையே கண்ணுக்குத் தப்பிவிடும். எள்ளிலும் கத்தரியிலும் வளரும் மற்றொன்றின் மார்பில் மண்டையோடு போன்ற குறி உண்டு. தேன்கூட்டில் புகுந்து தேன் குடிக்கும், பிடித்தால் கீச்சிடும். அதனைக் கண்டு அஞ்சிக் கொல்வோர் பலர். அது கொட்டுவதுமில்லை, கடிப்பதுமில்லை.

இறகைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாத இனங்களும் உண்டு. அங்கே வல்லுநர் நுண்ணோக்கியின் கீழ் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பைப் பார்த்தே பெயர் சொல்வர். இதற்கு அடிப்படையானவை சேர்த்துவைத்த மாதிரிகள். பீகாரிலுள்ள பூசாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய பூச்சித் தொகுப்பு, 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் 1936இல் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துடன் தில்லிக்கு வந்தது. இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதிய ஹாம்சன் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர் என்பது தமிழ் வாசகர்க்குச் சுவையான செய்தி. அவர் வழங்கிய பெயர்களுள் பல இன்று மாறிவிட்டன. விவரணைகள் இன்றும் பயன்படுகின்றன.

பள்ளிக்கு மிக ஏற்றது புழுவை வளர்த்துப் பார்த்தல். புழு எச்செடியில் இருந்ததோ அதன் தளிரையே நாள்தோறும் புதிதாக இடவேண்டும். வேறிலை தந்தால் பெரும்பாலும் பட்டினி கிடந்து மடியும். அகன்ற வாய்ச் சாடியில் நான்கு விரற்கடை ஈரமண் இட்டு மெல்லிய துணியால் வாயை மூடினால் போதும். பல புழுக்கள் மண்ணில் புகுந்தே கூட்டுப்புழுவாகும். அரளி இலை நஞ்சாதலால் கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. சில வேளை அந்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகளோ ஈக்களோ வெளிவரும். அவை புழுவின் உடலில் வளர்ந்த ஒட்டுண்ணிகள். அவற்றையும் தேதியிட்டுக் குறித்து வைக்க வேண்டும்.

பெயரைச் சரியாக அறிவது எத்துணை இன்றியமையாதது என்பதை 2018 காட்டிற்று. அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு அவ்வாண்டு மே மாதத்தில் கருநாடகத்தின் சிவமொக்காப் பகுதியில் மக்காச்சோளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் தமிழ்நாடு உட்பட நாட்டின் பல மாநிலங்களிலும் பரவியது. நெடுங்காலமாக இங்குள்ள புகையிலை வெட்டுப்புழுவுக்கு அது நெருங்கிய உறவு. இரண்டின் பின்னிறகும் வெண்மையே. படைப்புழுவின் ஆண் பூச்சிக்கு முன்னிறகின் நுனியில் வெண்திட்டு உண்டு. பெண் பூச்சியில் அதுவும் தெளிவில்லை. இங்கே தாய்ப்பூச்சியைவிடப் புழுவே நம்பத்தக்கது: வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடும், வால்புறத்திற்குச் சற்று முன்னுள்ள கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். பொறியில் ஐயத்திற்குரிய பூச்சி விழுந்தால், அதன் பெயரை ஊகித்து எழுதுவதை விடுத்து, அருகிலுள்ள மக்காச்சோளத்தின் குருத்தைப் பிரித்துப் புழுவைத் தேடிப் பார்த்து, கிடைத்ததை நாள், இடம், செடி ஆகிய குறிப்புகளுடன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். குறிப்பில்லாத மாதிரியைக் கொண்டு அங்குள்ளோர் செய்யக்கூடியது சொற்பமே.