கீசர் சூடாகலையா? காயிலை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, டிசம்பர் மாதம் ஏற்காடு போய் இறங்கினால் மனசு முதலில் தேடுவது வெந்நீரைத்தான். சுமார் 1,500 மீட்டர் உயரம். காலையில் குழாயைத் திறந்தால் விரல் விறைக்கும். காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தங்கும் வீடுகளில், "கீசர் போட்டு அரை மணி நேரமாச்சு, தண்ணி இன்னும் வெதுவெதுன்னுதான் இருக்கு" என்று விருந்தினர் சொன்னால், அடுத்து வருவது, "காயில் போயிருக்கும்ணே, மாத்திடலாம்" என்ற பதில்.

காயில் உண்மையிலேயே போய்விட்டதா? இரண்டே எண்கள் தெரிந்தால் பள்ளிக்கூடக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

இரண்டு எண்கள், இரண்டு விடைகள்

ஜெர்மானியரான ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இது: மின்னழுத்தத்தை (வோல்டேஜ்) மின்னோட்டத்தால் (கரண்ட்) வகுத்தால் மின்தடை. அதே இரண்டையும் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சாலையோரம் மீட்டர் பெட்டி. அங்கிருந்து 80 மீட்டர் சரிவில் இறங்கினால் விருந்தினர் அறை. அதில் 15 லிட்டர் கீசர், மேலே 2,000 வாட் என்று எழுதியிருக்கிறது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தர வேண்டுமென்றால் அதன் காயிலுக்கு சுமார் 26.5 ஓம் தடை இருக்க வேண்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி, 2,000-ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்.

இப்போது கீசர் ஓடும்போது எலெக்ட்ரீஷியன் அளக்கிறார். கீசர் முனையில் 207 வோல்ட், 7.8 ஆம்பியர். வகுத்துப் பாருங்கள்: 26.5 ஓம். காயில் நல்லாத்தான் இருக்கு! பெருக்கினால்? சுமார் 1,615 வாட். 10 சதவீத வோல்டேஜ் குறைந்ததற்குத் திறன் ஏறத்தாழ 20 சதவீதம் போய்விட்டது. வோல்டேஜ் குறையும்போது கரண்டும் சேர்ந்தே குறைகிறது என்பதால், அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 15 டிகிரி தண்ணீரை 55 டிகிரிக்கு ஏற்ற 21 நிமிடம் போதும் என்றிருந்தது, 26 நிமிடமாகிறது.

23 வோல்ட் எங்கே போச்சு?

மீட்டர் பெட்டியில் அதே நேரம் 230 வோல்ட் சரியாக இருந்தால், காணாமல் போன 23 வோல்ட் நடுவில் இருக்கும் ஒயரில்தான் இருக்கிறது. அதே வகுத்தல்: 23-ஐ 7.8-ஆல் வகுத்தால் 2.9 ஓம். இது 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போக 80, வர 80 என 160 மீட்டர் ஓடினால் வரும் தடைக்குச் சமம். லைட்டுக்கு இழுத்த ஒயரிலேயே பிறகு கீசரையும் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒயரில் வீணாவது 23 பெருக்கல் 7.8, சுமார் 180 வாட். அது மீட்டரைத் தாண்டிய பிறகு நடப்பதால் பில்லும் வீட்டுக்காரருக்குத்தான்.

விருந்தினர் கூட்டம் வந்து, அதே ஒயரில் இரண்டாவது கீசரும் ஓடினால் என்ன ஆகும்? கரண்ட் 14 ஆம்பியரைத் தாண்டும். கீசர் முனையில் வோல்டேஜ் 188-க்கு விழும். ஒயரில் வெப்பமாகப் போவது சுமார் 600 வாட். கரண்ட் இரு மடங்கானால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும். இங்கே கரண்ட் முழுசாக இரு மடங்காகாததால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். வெந்நீர் தாமதமாவது இப்போது சின்ன பிரச்சினை. 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் இந்தக் கரண்டுக்கானதே இல்லை. மர வேலைப்பாடும் ஓடும் நிறைந்த பழைய வீட்டில், காப்புறை உருகும் இடம் மச்சுக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. லூஸான பிளக் இன்னும் மோசம்: அரை ஓம் தடை இருந்தால்கூட ஒரே கீசரின் கரண்டில் அந்தச் சின்னப் புள்ளியில் 30 வாட் சூடு கிளம்பும்.

ஒயரை 4 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் தடை கால்வாசியாகிவிடும். ஒரு கீசர் ஓடும்போது 224 வோல்ட் வரும். காயில் வாங்கும் காசை இதில் போடலாம்.

மீட்டரிலேயே குறைவாக இருந்தால்?

அப்போது கோளாறு வீட்டுக்கு வெளியே: டிரான்ஸ்பார்மர் தூரம், நீளமான லைன், மாலை நேரச் சுமை. கம்பத்தில் ஓடும் கம்பி பெரும்பாலும் அலுமினியம். அதே பருமன் செம்பைவிட அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் அதிகம். (இதே சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் ஒரு காலத்தில் மேட்டூரின் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியமானது என்பது தனிக்கதை.) இந்திய மின்சார விதிகள், 1956 வகுத்த எல்லை 6 சதவீதம். அதாவது வீட்டு இணைப்பில் சுமார் 216 முதல் 244 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-இல் புகார் செய்யலாம். "லோ வோல்டேஜ் சார்" என்பதைவிட, "மாலை 7 மணிக்கு மீட்டரில் 190 வோல்ட்" என்று சொன்னால் அவர்களுக்கும் வேலை எளிது.

இந்தக் கணக்கு கீசர், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் மாதிரி சூடாகும் சாதனங்களுக்கு மட்டும். கிணற்று மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் உண்மையான வாட் வராது. அதோடு, மோட்டார் குணமே வேறு: வோல்டேஜ் குறைந்தால் சுமையை இழுக்க அது கூடுதல் கரண்ட் எடுக்கும், காயில் கருகும். கீசர் பொறுத்துக்கொள்ளும் 190 வோல்ட்டில் தண்ணி மோட்டாரைப் போடாமல் இருப்பதே நல்லது.

அளவெடுக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரில் ஒரு முறை, கீசர் முனையில் ஒரு முறை.