2030-க்கு இப்பவே லீவு சொல்லி வையுங்க!

மூணாறு ட்ரிப் போகாத செட் நம்ம காலேஜ்ல இருக்கவே முடியாது. ஆனா பக்கத்துலயே இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்காவை டீத்தோட்ட செல்ஃபியோட சேர்த்து ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு வந்துடுறோம். அங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சா அப்படி வர மாட்டீங்க.

97 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேடெல்லாம் புல்வெளி, பள்ளங்கள்ல சோலைக்காடு. 2695 மீட்டர் உயர ஆனைமுடி இங்கதான். 1978-ல தேசியப் பூங்கா ஆச்சு.

முதல் ஹீரோ வரையாடு. 'வரை'ன்னா மலை, செங்குத்துப் பாறையில அசால்ட்டா நிக்கிற ஆடு. நம்ம மாநில விலங்கு. ஆனா உலகத்துலயே இது அதிகமா ஒரே இடத்துல வாழ்றது இரவிகுளத்துலதான். குட்டி போடுற காலத்துல, பொதுவா பிப்ரவரி, மார்ச் மாதங்கள்ல, பூங்காவை மூடிடுவாங்க. அப்போ ப்ளான் போட்டா கேட்டைப் பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்தது நீலக்குறிஞ்சி. குறிஞ்சித் திணைக்குப் பேர் கொடுத்த பூ. 12 வருஷத்துக்கு ஒருமுறை மலையே நீலமாகும். 1994, 2006, 2018-ல பூத்தது, அடுத்தது 2030. ஏன் இப்படிச் சேர்ந்து பூக்குது? ஒரே சமயத்துல கோடிக்கணக்குல விதை விழுந்தா, தின்னுற பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்னாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறைன்னு விஞ்ஞானிகள் விளக்கம் சொல்றாங்க.

இங்கதான் விஷயம் இருக்கு. இந்தச் செடி வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் பூக்கும். விதை போட்டுட்டுச் செத்துடும். நமக்கு அரியர் எழுத வாய்ப்பு இருக்கு, அதுக்குக் கிடையாது. ஸ்டேட்டஸுக்காக நீங்க ஒடிக்கிற ஒரு கொத்து, 12 வருஷம் காத்திருந்த செடியோட விதைகள். 2042-ல பூக்க வேண்டியது அதுலதான் இருக்கு.

போறவங்களுக்குச் சில விஷயங்கள்:

• உடுமலைப்பேட்டையில இருந்து சின்னாறு, மறையூர் வழியாவோ, போடிமெட்டு வழியாவோ மூணாறு போகலாம்.
• சொந்த வண்டி உள்ளே போகாது. வனத்துறை பஸ்லதான் ராஜமலைக்குப் போகணும்.
• டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க.
• பிளாஸ்டிக் வேண்டாம். வரையாடு கிட்ட வந்தாலும் தீனி போடாதீங்க, தொடாதீங்க.

வேற வருஷங்கள்ல 'குறிஞ்சி பூத்துடுச்சு'ன்னு ரீல்ஸ் வந்தா உடனே பொய்னு நினைக்காதீங்க. குறிஞ்சியில பல இனம் உண்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. ஆனா ராஜமலை நீலமாகிறதைப் பார்க்க 2030-தான். அப்போ நீங்க ஏதோ ஒரு ஆபீஸ்ல இருப்பீங்க. செட்டைக் கூட்டிட்டுப் போங்க. பூவை மட்டும் அங்கேயே விட்டுட்டு வாங்க.