ஐந்தாம் கட்டளையும் தூக்குமேடையும்

கொலையை விலக்கும் ஐந்தாம் கட்டளையைத் தந்த மோயீசனின் சட்டமே, கொலைகாரன் சாகவேண்டும் என்றும் விதித்தது. இது முரண்பாடன்று. கட்டளையிலுள்ள எபிரேயச் சொல், சட்டத்திற்குப் புறம்பாக உயிரைப் பறிப்பதையே முதன்மையாகச் சுட்டும். மேலும், பாலைநிலத்தில் கூடாரமடித்து வாழ்ந்த மக்களுக்கு நெடுநாள் சிறை ஏது? ஆயினும், தம்பியைக் கொன்ற காயினை எவரும் கொல்லலாகாதென இறைவன் அவன்மேல் அடையாளமிட்டார். இயேசு பெருமானோ இக்கட்டளையைச் சினம் பிறக்கும் உள்ளம் வரை கொண்டுசென்றார்.

அவ்வழியே திருச்சபையும் படிப்படியாக நடந்தது. வத்திக்கான் நாட்டுச் சட்டத்தில் 1929 முதல் இருந்த மரண தண்டனையை 1969-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் நீக்கினார். 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், மிகக் கொடிய குற்றங்களுக்கு அதனை விலக்கவில்லை. 1995-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், அதற்கான தேவை ஏறக்குறைய அற்றுப்போயிற்று என்றார். 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ், அது ஏற்கத் தகாதது என அந்நூலையே திருத்தினார். கட்டளை மாறவில்லை, மனித மாண்பை நாம் உணரும் ஆழமே கூடிற்று.

கொடுஞ்செய்தி ஒன்றைப் படிக்கையில், "தூக்கிலிட வேண்டும்!" என்னும் குரல் நம் இல்லங்களிலும் எழுகின்றது. உயிரிழந்தவர் குடும்பத்தாரின் கண்ணீர் பெரிது. அதற்கு நீதி வேண்டும். குற்றவாளி தண்டனை பெறட்டும். மனந்திரும்பக் காலமும் பெறட்டும். இன்றிரவு குடும்ப செபமாலையில் இவ்விரு திறத்தாருக்காகவும் ஒரு பத்து மணி செபிப்போமா?